கண்ணாடியில் இறுகிய எப்பாக்சிக்கு ஏழு வெள்ளி ஸ்கிராப்பர்

கல்யாண மாலையைக் காய வைத்து எப்பாக்சி ரெசினில், அதாவது ஊற்றினால் கல்லாக இறுகும் பிசினில், பதித்துக் கொடுப்பது என் தொழில். கோலாலம்பூர் செந்தூலில் வீட்டின் பின்கட்டுதான் பட்டறை. மணமேடையில் மாற்றிக்கொண்ட மாலையைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். ரோஜா, சம்பங்கி, செவ்வந்தி என்று பிரித்தெடுத்து, சிலிக்கா ஜெல்லில் புதைத்து ஈரத்தைப் போக்கி, கண்ணாடி அடிவைத்த மரச்சட்டத்துக்குள் அடுக்கி ரெசின் ஊற்றுவேன். ஊற்றுகிற இடத்தில் கசிவும் இருக்கும். டேப் ஒட்டிய மூலையில் மயிரிழை இடைவெளி போதும். ராத்திரியோடு ராத்திரியாக இறங்கி, கண்ணாடியின் வெளிப்பக்கம் படர்ந்து, விடிவதற்குள் கல்லாகிவிடும்.

அந்தக் கல்லை எடுக்க நான் நம்புவது, ஒன்றரை அங்குல ஒற்றை முனை பிளேடு மாட்டும் சின்ன ஸ்கிராப்பரைத்தான். புடு பக்கம் ஜாலான் பாசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஏழு வெள்ளிக்கு, அதாவது ஏழு ரிங்கிட்டுக்கு, வாங்கியது. கைப்பிடியில் கம்பெனிப் பெயர் கிடையாது, மஞ்சள் பிளாஸ்டிக். என் பட்டறையில் இருக்கும் சாமான்களிலேயே விலை குறைந்தது இதுதான், ஆனால் கண்ணாடி விஷயத்தில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்க்கவில்லை. முன்னூறு வெள்ளி சட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. வாங்கலாமா என்று கேட்டால் தயங்காமல் வாங்குங்கள் என்பேன். எந்தக் கண்ணாடியில் இதை வைக்கலாம், எதில் வைக்கவே கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இறுகிய எப்பாக்சியைக் கரைக்க ஏதாவது மருந்து இருக்கிறதா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். வீட்டில் ஊற்றிக் கரைக்கும்படியாக ஒன்றும் இல்லை. எப்பாக்சி இரண்டு பாட்டிலில் வரும், ஒன்று ரெசின், இன்னொன்று ஹார்டனர். கலந்ததும் இரண்டும் வேதிவினை செய்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னல் முழுசாக முடிந்த பிறகு அது உருகவும் உருகாது, கரையவும் கரையாது. மெழுகு, சூடான கோந்து இவற்றோடு சேர்த்து எண்ணுவதால்தான் ஆட்கள் பாட்டில் பாட்டிலாக வாங்கி ஏமாறுகிறார்கள். கண்ணாடியிலிருந்து எப்பாக்சியை எடுப்பது என்றால் எப்பாக்சியை அழிப்பது இல்லை. அது கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துவதுதான் வேலை. கண்ணாடி வழவழப்பானது, எதையும் உறிஞ்சாது. மரத்திலோ சிமெண்டிலோ நுழைவதுபோல ரெசின் அதற்குள் நுழைய முடியாது, மேலே மட்டும்தான் ஒட்டியிருக்கும். அதனால்தான் ஒரு பிளேடு போதும் என்கிறேன்.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ‘எந்த ரெசினையும் ஐந்து நிமிடத்தில் கரைக்கும்’ என்று போட்ட திரவத்தையும் வாங்கிப் பார்த்தேன். ஸ்கிராப்பரைப் போல ஆறு மடங்கு விலை. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. தொட்டு வைத்ததும் மரச்சட்டத்தின் வார்னிஷ்தான் முதலில் கிளம்பியது. ரெசின் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். பொருள் பெயர் போடாத கரைப்பான் எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். பெயின்ட் உரிக்கும் சில மருந்துகளில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். அது எப்பாக்சியை உண்மையிலேயே உப்ப வைத்துப் பிளக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் ஆவியைச் சுவாசித்தால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. காற்றோட்டமில்லாத குளியலறையில் அதை வைத்து வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்குப் பெயின்ட் உரிக்கும் மருந்தாக அதை விற்பதற்கு அமெரிக்கா 2019இல் தடை போட்டது. ஒரு சட்டத்துக்காக அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

சரி, ஸ்கிராப்பருக்கு வருகிறேன். பெருவிரலால் தள்ளினால் பிளேடு வெளியே வரும், இழுத்தால் உள்ளே போகும். இந்த ஒரு வசதிக்காகவே இதைத் தேர்ந்தெடுங்கள். பிளேடு எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகையும் கடையில் தொங்கும், அது குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது. தரையில் ஒட்டிய பெயின்ட் சுரண்டும் நாலு அங்குலப் பெரியதும் உண்டு. அதில் அழுத்தம் முழுவதும் ஒரே இடத்தில் சேராது, மூலைகளிலும் திரும்பாது. சின்னதுதான் கைக்கு அடங்கும்.

பிடிக்கும் முறையை எனக்குக் காட்டியவர் எங்கள் பெரியம்மா மகன். பத்து கேவ்ஸ் பக்கம் கார் கண்ணாடிக்கு டிண்ட், அதாவது வெயில் தடுக்கும் படலம், ஒட்டும் கடை வைத்திருக்கிறார். பழைய டிண்டின் பசையை நாள் முழுக்கப் பிளேடால் எடுக்கிறவர். “தண்ணி இல்லாம பிளேடு கண்ணாடியத் தொடவே கூடாதும்மா. முன்னால தள்ளு, பின்னால இழுக்காத” என்றார். அந்த இரண்டு சொல்லுக்குள் பாதி வேலை அடங்கிவிட்டது. பாத்திரம் கழுவும் சோப்பை நாலு சொட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் வைத்துக்கொள்கிறேன். முதலில் கண்ணாடி முழுவதையும் கழுவித் துடைத்துவிட வேண்டும். பிளேடின் இரும்பு சாதாரணமாகக் கண்ணாடியைக் கீறாது. கீறுவது நடுவில் சிக்கும் மணல்தான், ஏனென்றால் மணல் கண்ணாடியைவிடக் கடினம். துருப்பிடித்த பிளேடும் பல் விழுந்த பிளேடும் அதே வேலையைச் செய்துவிடும். ஒவ்வொரு சட்டத்துக்கும் புதுப் பிளேடு போடுகிறேன். பிளேடு விலையைப் பார்த்துக் கண்ணாடியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து சூடு. கைவினைக்கு விற்கும் எப்பாக்சிகள் பெரும்பாலும் 50, 60 டிகிரியைத் தொட்டதும் விறைப்பு போய் ரப்பர் மாதிரி ஆகும். தலைமுடி காய வைக்கும் டிரையர் அதற்குத் தாராளமாகப் போதும். ரெசினுக்கு நேராகப் பிடிக்காமல், அரை அடி தள்ளிப் பிடித்து, சுற்றியுள்ள கண்ணாடியையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் ஓரிடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் சுமார் 40 டிகிரி வித்தியாசம் வந்தாலே விரிசல் விழும் அபாயம் உண்டு. ஹார்ட்வேர் கடையில் விற்கும் ஹீட் கன் 500 டிகிரிக்கு மேலும் போகும். அதைச் சட்டக் கண்ணாடியின்மேல் காட்டவே மாட்டேன். கண்ணாடி உடைவது ஒரு பக்கம் இருக்கட்டும். அவ்வளவு சூட்டில் எப்பாக்சி கருகிப் புகையும், அந்தப் புகையைச் சுவாசிக்கவே கூடாது. சூடாக இருக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துவிடாதீர்கள். ஸ்ப்ரே பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தால் லேசாகப் பதிய வேண்டும். அதுதான் பதம். இப்போது பிளேடைக் கண்ணாடிமேல் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, ரெசினின் மெல்லிய ஓரத்தில் முனையைக் கொடுத்து, மெதுவாக முன்னால் தள்ளுங்கள். கூர்ந்து பார்த்தால், பிளேடு முனைக்குச் சற்று முன்னால், ரெசினுக்கு அடியில் வெள்ளியாக ஒரு திட்டு தெரியும். அங்கே ரெசின் கண்ணாடியை விட்டுவிட்டது, காற்று நுழைந்துவிட்டது. சில நேரம் அந்தத் திட்டின் ஓரத்தில் வானவில் நிறத்தில் கோடுகள் ஓடும். திட்டு பெரிதாகிக்கொண்டே போகும் திசையில் பிளேடை விடுங்கள். எதிர்த்து அழுத்த வேண்டாம். நல்ல பதத்தில் இருந்தால் ரெசின், சீவிய பனங்கிழங்குத் தோல் மாதிரி சுருண்டு வரும். பதம் தப்பி ஆறிப்போனால் சிதறும். சிதறும் துண்டுகள் கூர்மையானவை, முகத்துக்கு நேராகத் தெறிக்கும், அதனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இன்னொரு கை எப்போதும் பிளேடுக்குப் பின்னால் இருக்கட்டும். ‘கிரீச்’ என்று சத்தம் வந்தால் அந்த நொடியே நிறுத்தி, பிளேடைத் துடைத்து, தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடருங்கள்.

கிள்ளானிலிருந்து ஒரு பெண் பூஜையறை முருகன் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். தீபாவளிக்கு ரெசின் கோலத் தட்டு செய்யும்போது கலவை தெறித்து, படக் கண்ணாடியில் வேலுக்கு நேராகப் பெரிய துளியாக இறுகிவிட்டது. அவள் பாட்டி கொடுத்த படம். “அக்கா, சாமி மேல கத்தி வைக்கவே கை நடுங்குது” என்றாள். முதலில் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, கண்ணாடியைத் தனியாக எடுத்தோம். இதைச் செய்யாமல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கி, தாள் ஊறி, சாயம் கலைந்துவிடும். கண்ணாடி மட்டும் மேசைமேல் வந்த பிறகு அவள் நடுக்கமும் போய்விட்டது, கடைசித் துண்டை அவளே எடுத்தாள். நம் ஊர் ஈரக்காற்றில் பழைய படங்களின் தாள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருப்பதுண்டு. அப்படி இருந்தால் பிரிக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம், சூடும் வேண்டாம். துளியோடு அப்படியே வைத்துக்கொள்வதுதான் அந்தப் படத்துக்கு நல்லது.

எந்தக் கண்ணாடியில் வைக்கக் கூடாது என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் ஸ்கிராப்பரைக் குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார்கள். முதலில், அது கண்ணாடிதானா என்று பாருங்கள். இப்போது வரும் மலிவுச் சட்டங்கள் பலவற்றில் இருப்பது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். விரலால் தட்டினால் மந்தமாகச் சத்தம் வரும், கன்னத்தில் வைத்தால் கண்ணாடி அளவுக்குக் குளிராது, விளிம்பைப் பார்த்தால் கண்ணாடிக்குரிய பச்சை நிறம் இருக்காது. அக்ரிலிக்கில் இரும்புப் பிளேடு ஒரே தள்ளில் கோடு போட்டுவிடும், அசிட்டோன் என்ற கரைப்பான் பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். அதற்கு இதே கைப்பிடியில் மாட்டும் பிளாஸ்டிக் பிளேடு இருக்கிறது, ஆனால் கனமான ரெசினை அது அசைக்காது. அடுத்தது டெம்பர்ட் கண்ணாடி, அதாவது சூளையில் சூடாக்கி உறுதியாக்கியது: சாப்பாட்டு மேசை, குளியலறைக் கதவு, காரின் பக்கக் கண்ணாடி. சூட்டைப் பொறுத்தவரை அது உறுதியானது. ஆனால் சூளையில் உருளைகள்மேல் ஓடும்போது சில கண்ணாடிகளின் ஒரு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள்கள் உருகி ஒட்டிவிடும். பிளேடு அவற்றைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு போய் நீளமாகக் கீறும். கையை நனைத்து மெதுவாகத் தடவும்போது சொரசொரப்பு தட்டுப்பட்டால் அந்தப் பக்கத்தில் பிளேடு வேண்டாம். அப்புறம் டிண்ட் ஒட்டிய பக்கம், போன் திரை, வெயில் தடுக்கும் பூச்சுள்ள ஜன்னல் ஆகியவற்றில் நீங்கள் சுரண்டப்போவது பூச்சைத்தான். முகம் பார்க்கும் கண்ணாடியில் முன்பக்கம் தாராளமாகச் செய்யலாம், ஆனால் விளிம்பில் ஈரத்தைத் தங்கவிடாதீர்கள். பின்னால் உள்ள வெள்ளிப் பூச்சுக்குள் இறங்கிக் கருப்பாக ஓரம் கட்டும். பனிக்கண்ணாடி, பெயர் செதுக்கிய கண்ணாடி என்றால் ரெசின் அந்தக் குழிகளுக்குள் போய்க் கவ்விக்கொண்டிருக்கும். அதைப் பிளேடால் எடுக்க முடியாது. வாடிக்கையாளரிடம் அப்படியே சொல்லி, பணம் வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பிளேடு போய் வந்த பிறகும் மெல்லிசாக ஒரு படலம் மிஞ்சும். அதற்குத்தான் அசிட்டோன். கரைக்கத்தான் செய்யாதே என்பீர்கள். கரைக்காது, ஆனால் மெல்லிய படலத்தை ஊற வைத்து உப்பச் செய்யும், பிடி தளரும். டிஷ்யூ தாளை நனைத்துப் படலத்தின்மேல் போட்டு, பாலித்தீன் பையை வெட்டி மூடி வைத்தால் கால் மணி, அரை மணி நேரத்தில் பலன் தெரியும். மூடாவிட்டால் நம் வெயிலில் கண்மூடித் திறப்பதற்குள் பறந்துவிடும். ஹார்ட்வேர் கடையில் தின்னரைக் கொடுத்து இதுவும் அதுவும் ஒன்றுதான் என்பார்கள். ஒன்றில்லை, அசிட்டோன் என்றே கேட்டு வாங்குங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய்த் தள்ளியிருக்கும் நெருப்பைப் பிடித்துக்கொள்ளும். பூஜையறை விளக்கு, ஊதுபத்தி, சமையலறை அடுப்பு எல்லாவற்றையும் அணைத்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். டிரையர் போட்டுச் சூடாக்கும் வேலையை முழுவதும் முடித்து, பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடி ஆறிய பிறகுதான் அசிட்டோனை எடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வது தீயை அழைப்பதுதான். நீல நிற நைட்ரைல் கையுறை ரெசினுக்கு நல்லது, அசிட்டோனோ சில நிமிடத்தில் அதற்குள் ஊடுருவிவிடும். நனைந்தால் உடனே கழற்றி மாற்றுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரையும் தொடாதீர்கள். அந்த வகை நார்களில் பலவற்றில் அலுமினியம் ஆக்சைடு இருக்கிறது. ரெசின் போகும், கண்ணாடி மங்கலாகிவிடும். பிரிட்ஜில் வைத்துக் குளிர வைத்தால் தானாகக் கழன்றுவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். குளிரும்போது எப்பாக்சி கண்ணாடியைவிடப் பல மடங்கு சுருங்கும் என்பது உண்மைதான், சின்னத் துளிகள் அப்படிக் கழன்றும் வரும். கனமான ரெசின் என்றால் போகிற போக்கில் கண்ணாடியின் மேல்தோலையே செதிலாகப் பிய்த்துக்கொண்டு போகும். எனக்குச் சூட்டு வழியே போதும்.

இன்னும் இறுகாமல் பிசுபிசுப்பாக இருக்கிற ரெசினுக்கு ஸ்கிராப்பரே தேவையில்லை. ஐசோபுரோபில் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தால் சுத்தமாகப் போய்விடும். கண்ணாடிக்கு மட்டும்தான் இது, தோலுக்கு இல்லை. கையில் பட்ட ரெசினை ஆல்கஹாலாலோ அசிட்டோனாலோ துடைத்தால் அது இன்னும் உள்ளே போகும். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். எப்பாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு துளி பட்டாலும் அரித்துத் தடித்துவிடும், பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. அப்படி இந்தத் தொழிலையே விட்டுவிட்ட தோழி எனக்கு இருக்கிறாள்.

ஸ்கிராப்பரில் குறை இல்லாமல் இல்லை. பிளேடைப் பூட்டும் பிளாஸ்டிக் பல் நாளாக ஆகத் தேய்ந்து, அழுத்தும்போது பிளேடு உள்ளே வழுக்க ஆரம்பிக்கும். அப்போது புதிதாக வாங்கிவிடுங்கள், டேப் சுற்றி ஓட்டாதீர்கள், விரல் போகும். கூட வரும் பிளேடு கார்பன் ஸ்டீல், நம் ஊர்க் காற்றில் வெளியே வைத்தால் மறுநாளே துரு புள்ளி வைக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன், வேலைக்கு முன் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். பழைய பிளேடுகளை மைலோ டின்னில் போட்டு, நிறைந்ததும் மூடியை டேப்பால் ஒட்டித்தான் குப்பையில் சேர்க்கிறேன். குப்பை அள்ளுகிறவர்களும் நம்மைப் போலக் கையால்தானே வேலை செய்கிறார்கள்.

ஜாலான் பாசாரில் வாங்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், பதினொரு மணிக்கு மேல் கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஸ்கிராப்பர் வாசலிலேயே கம்பியில் தொங்கும், மாற்றுப் பிளேடு உள்ளே தவுக்கேயின், அதாவது கடை முதலாளியின், மேசை இழுப்பறையில் இருக்கும், கேட்டால்தான் எடுத்துத் தருவார். பத்துப் பிளேடு உள்ள பெட்டி நாலு வெள்ளி. பிளாஸ்டிக் பிளேடு அங்கே எப்போதும் இருக்காது, அக்ரிலிக் சட்டம் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வரவழைத்துக் கொடுக்கிறார்.